கேட்டுவிட்டேன் என்று சொன்னாய்

ஜனவரி 14

தங்கைக்கு,

நீ எனக்குக் கோதுமை போட்டாய். முதலில் இதை எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பது பிறகு.

மாப்பிள்ளை ஓய்வு பெற்றதற்கு நீங்கள் கொடுத்த விருந்தில், அந்த ஓட்டலின் நீள மேஜையில், என் முன்னால் சூப் வந்தது. நான் கரண்டியைத் தொடவில்லை. உன்னைப் பார்த்தேன். "கேட்டுட்டேன்ணே, மாவு ஒண்ணும் இல்லையாம், தைரியமா சாப்பிடுங்க" என்றாய். சாப்பிட்டேன். நீ கேட்கவே இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். உன் வீட்டுக் குளியலறையைவிட்டு எழுந்து நடக்க முடிந்ததும் நான் நேராக அந்த ஓட்டலுக்குத்தான் போனேன். கொதிகலன் பழுது பார்க்கிறவனுக்கு எந்த ஓட்டலுக்கும் பின்வாசல் எங்கே இருக்கும் என்று தெரியும். சமையல்காரர் வெளியே வந்தார். "சூப்பு கெட்டியாகணும்னா மைதாவத்தான் சார் வறுத்துப் போடுவோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்குத் தனியா எடுத்து வெச்சிருப்பேனே. யாரும் வந்து சொல்லலையே" என்றார். அந்த மனிதர் என்னிடம் வருத்தம் தெரிவித்தார். நீ இன்னும் தெரிவிக்கவில்லை.

எனக்கு இருப்பது விரதம் இல்லை, பகட்டு இல்லை, வயசான காலத்துப் பிடிவாதமும் இல்லை. சீலியாக் என்று அதற்குப் பெயர். கோதுமையோ பார்லியோ உள்ளே போனால் என் உடம்பே என் குடலை அரிக்கிறது. ஒரு கரண்டி போதும், பத்து நாள் படுக்கை. இதை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!

போனில் கூப்பிடாதே. எடுக்க மாட்டேன். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், கடைசியில் யார் என்ன சொன்னோம் என்பதே மறந்துபோகும். எழுத்தில் இருந்தால் திருப்பிப் படிக்கலாம். சாப்பிடுவதற்காக இனி உன் ஊர்ப்பக்கம் வரமாட்டேன்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? மாப்பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. கேட்டால் அதற்கும் இரண்டு பக்கம் வரும். இருந்தாலும் கேட்கிறேன், எழுந்து நடமாடுகிறீர்களா? சோறு இறங்குகிறதா?

கேட்கவில்லைதான். கேட்க வாய் வரவில்லை. அவருடைய மேலதிகாரி என் பக்கத்தில், அலுவலகம் முழுக்க எதிரில். போன தடவை வெளியே சாப்பிட்டபோது நீங்கள் சர்வரை நிறுத்தி வைத்து எண்ணெயிலிருந்து உப்புவரை விசாரித்தீர்களே, அப்போது பக்கத்து மேஜையில் ஒருவன் "இவரு சாப்பிட வந்தாரா, சோதனை போட வந்தாரா?" என்று சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. சூப்தானே, தண்ணீர்தானே என்று நினைத்துவிட்டேன். நினைத்தது தப்பு. அதற்காக "நீ எனக்குக் கோதுமை போட்டாய்" என்று விஷம் வைத்தவளிடம் பேசுவது போலவா எழுதுவீர்கள்?

உடம்பு என்று பார்த்தால் எனக்கு இல்லாததா? வயிறு உப்பிப் பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டுகிறேன். வாயில் ஒரு புண் ஆறினால் அடுத்தது வருகிறது. சீப்பு நிறைய முடி. சத்து மாத்திரை எத்தனை வருஷமாகத் தின்கிறேன் என்று எனக்கே தெரியாது, ரத்தம் ஏறவே மாட்டேன் என்கிறது. "மாத்திரைய முழுங்குறீங்களா, ஜன்னல் வழியா வீசுறீங்களா?" என்று டாக்டர் கேட்கிறார். பள்ளி ஆய்வகம் மூன்றாவது மாடி. கண்ணாடிக் குடுவைத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஏறினால் நடுவில் இரண்டு முறை உட்காருகிறேன். இதையெல்லாம் நான் பெரிசு பண்ணினேனா? ஓட்டலின் பின்வாசலுக்குப் போய் நின்றேனா?

அவர் நலம். மகள் நலம். அவள் போன் பண்ணும்போதெல்லாம் "மாமா ஏன் எடுக்க மாட்டேங்குறாரு" என்கிறாள்.

உங்கள் பாப்பா


பிப்ரவரி 3

பாப்பாவுக்கு,

நான் தேறிவிட்டேன். வெளியூரில் ஒரு சலவைக்கூடத்துக்குக் கொதிகலன் பார்க்க வந்து, விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேஜை ஆடுகிறது. எழுத்து கோணலானால் அது மேஜையின் குற்றம்.

இங்கே நான் சாப்பிடும் லட்சணத்தைக் கேள். நேற்று ஒரு சாப்பாட்டுக் கடையில் சர்வரிடம் நடந்தது இது.

"தம்பி, இதுல கோதுமை இருக்கா?"

"சுத்தமா இல்ல சார்."

"என்ன மாவு போடுறீங்க?"

"மைதா சார்."

"மைதா எதுலேர்ந்து வருது தம்பி?"

"கடைலேர்ந்து சார்."

அவன் மேல் தப்பில்லை. நான் அவித்த முட்டையும் பழமும் தின்றுவிட்டு எழுந்தேன். காசு வாங்க மாட்டேன் என்றான். கொடுத்துவிட்டு வந்தேன்.

இதை எழுதவா உட்கார்ந்தேன்? இல்லை. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சண்டைக்காக நீ எழுதிய வரிகளைத் தள்ளிவிட்டு மற்றதை மட்டும் படித்தேன். வயிறு உப்புசம், வாய்ப்புண், முடி, ஏறாத ரத்தம், மாடிப்படி. பாப்பா, எனக்கு நோய் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நான் டாக்டரிடம் சொன்னதும் இதேதான். சொல்லுக்குச் சொல் இதேதான்.

இது கூடப்பிறந்தவர்களுக்கு வரக்கூடியது. படித்துத்தான் எழுதுகிறேன். நான் பள்ளியில் படித்தது கொஞ்சம்தான் என்று உன் வீட்டுக்காரர் கேலி செய்வார், செய்யட்டும். நம் அக்காவை நினைத்துப் பார். அவளுக்கும் ரத்தம் ஏறவில்லை என்றுதான் சொன்னார்கள். காய்ந்து குச்சியாகிப் போய்ச் சேர்ந்தாள். என்ன நோய் என்று கடைசிவரை ஒருவரும் பெயர் சொல்லவில்லை.

போய் ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார். சீலியாக் சோதனை என்று வாய்விட்டுச் சொல். கேட்டுவிட்டேன் என்று எனக்கு எழுதாதே. காகிதம் வேண்டும்.

உன் மேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது. இது வேறு விஷயம்.

அண்ணன்


மார்ச் 8

பாப்பாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரரிடம் விசாரித்தேன். "வந்தா தராமலா இருப்பேன் பெரியவரே?" என்று அவரும் முறைத்துக்கொண்டார்.

கோபத்தில் எழுதாமல் இருக்கிறாயா, முடியாமல் இருக்கிறாயா? கோபம் என்றால் இரு. முடியவில்லை என்றால் யாரையாவது விட்டு ஒரு வரி எழுதச் சொல். ஒரு வரி போதும். நான் போனை எடுத்துப் பார்த்தேன், வைத்துவிட்டேன். எடுக்க மாட்டேன் என்று சொன்னவன் நான். கூப்பிட மாட்டேன் என்று சொல்லவில்லை என்று நீ வாதாடலாம்.

இந்த வாரம் வேலைக்கு ஒத்துக்கொண்டு பிறகு வேண்டாம் என்றுவிட்டேன். வெளியூர்ச் சாப்பாடு உடம்புக்கு ஆகாது என்று அவர்களிடம் சொன்னேன். காரணம் அது மட்டும் இல்லை.

ரத்தம் கொடுத்தாயா?

அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள். பள்ளியில் பரீட்சைக் காலம். ஆய்வகத்தில் குடுவை கழுவியே நாள் போகிறது. அதனால்தான் எழுதவில்லை. வேறு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். மூன்று மாடியும் ஒரே மூச்சில் ஏறுகிறேன். எங்கள் தலைமையாசிரியை "என்னம்மா, புதுசா ஏதாவது டானிக்கா?" என்று கேட்கிறார்.

இன்னொரு விஷயம். எங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கும் கோதுமை ஆகாதாம். உங்களைப் பற்றிச் சொன்னேன். உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னாள். பத்துப் பேராக வெளியே சாப்பிடப் போனால் எப்படிச் சமாளிப்பது? எல்லோரும் பார்க்கும்போது சர்வரிடம் எப்படிக் கேட்பது? முகம் சிவந்துபோகிறதாம் அவளுக்கு. ரயிலில் போனால் கையில் என்ன கொண்டுபோவது? பொரித்த உருளைக்கிழங்கு சாப்பிடலாமா? அதில் மாவே இல்லையே, பிறகு ஏன் அவளுக்கு வயிறு வலித்தது?

சீக்கிரம் எழுதுங்கள். அவள் அடுத்த மாதம் வெளியூர் போகிறாள்.

உங்கள் பாப்பா


மார்ச் 26

பாப்பாவுக்கு,

நீ சுகம் என்று எழுதியது சந்தோஷம். சோதனையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கவனிக்காமல் விட்டுவிடுவேன் என்று நினைக்காதே.

நூலகப் பெண்ணுக்கு உன்னைவிடப் புத்தி இருக்கிறது. அவளுக்காக எழுதுகிறேன், அப்படியே படித்துக்காட்டு.

பொரித்த உருளைக்கிழங்கில் மாவு இல்லை. ஆனால் அதே எண்ணெயில்தான் மாவில் முக்கியதையும் பொரிக்கிறார்கள். எண்ணெய் தனியா என்று கேட்க வேண்டும். நூடுல்ஸ் வெந்த தண்ணீரிலேயே காய்கறியையும் போட்டு எடுப்பார்கள், நான் பின்வாசல் வழியாகப் போய்க் கண்ணால் கண்டிருக்கிறேன். கறுப்பு சாஸ் புட்டியைத் தொடவே கூடாது, பெரும்பாலும் அதிலும் கோதுமை. "கோதுமை ஆகாது" என்று மட்டும் சொன்னால் போதாது. கோதுமை, மைதா, ரவை, பார்லி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சர்வர் "இல்லைங்க" என்று சொல்வது பெரும்பாலும் மரியாதைக்காகத்தான். உள்ளே போய்ச் சமையல்காரரைக் கேட்டுவரச் சொல்ல வேண்டும். அவன் போகிறானா, திரும்பி நின்றுவிட்டு வருகிறானா என்று பார்க்க வேண்டும்.

பத்துப் பேர் என்றால், கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் முன்னாலேயே அந்தக் கடைக்குப் போய்விடலாம். அப்போது அவர்களுக்கும் பொறுமை இருக்கும், பக்கத்தில் பார்ப்பவரும் இல்லை. சமைப்பவரிடம் பேசிப் பெயரைச் சொல்லி வைத்துவிட்டால், மேஜையில் வாயே திறக்க வேண்டாம். முகம் சிவக்கிற பிரச்சினைக்கு இதுதான் மருந்து. எனக்கு இது தேவைப்படவில்லை, எனக்கு முகம் சிவப்பதில்லை.

ரயிலுக்கு அவித்த முட்டை, பழம், கடலை, டப்பாவில் சோறு. கரண்டியும் தன்னுடையதே. ஒன்றும் சரியில்லை என்று தோன்றினால் பட்டினி கிடக்கலாம். ஒருவேளைப் பட்டினியில் யாரும் செத்ததில்லை என்று அவளுக்குச் சொல்.

அவளுக்குச் சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்வது ஒன்றுதான்: ரத்தம் கொடு.

அண்ணன்


மே 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். பஸ்ஸில் எழுதுகிறேன், குலுக்கலில் எழுத்து ஒரு மாதிரி இருக்கும்.

நீங்கள் கேட்டபடியே சோதித்தாயிற்று. சீலியாக் என்று வாய்விட்டுச் சொல்லியே சோதித்தேன். ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது. காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். "அண்ணனுக்கு இருந்தா தங்கச்சிக்கும் இருக்கணும்னு சட்டமா?" என்று டாக்டர் சிரித்தார்.

ஆகவே இனி இந்தப் பேச்சு வேண்டாம். அக்கா பேச்சும் வேண்டாம். நூலகப் பெண் நீங்கள் சொன்னபடியே செய்து ஒரு தொந்தரவும் இல்லாமல் ஊர் போய் வந்தாள். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

உங்கள் பாப்பா


மே 9

பாப்பாவுக்கு,

காகிதம் கிடைத்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எண் எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது. நான் நிம்மதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை, அது எரிச்சலாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். நீ நின்று எழுதினாலும், படுத்து எழுதினாலும், உன் எழுத்து வலது பக்கம்தான் சாயும். சின்னப் பிள்ளையிலிருந்து அப்படித்தான். இந்தக் கடிதத்தில் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. எந்த பஸ் எழுத்தை இப்படித் திருப்பும்?

உன் வலது கைக்கு என்ன?

அண்ணன்


மே 18

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

மாப்பிள்ளை எழுதும் கடிதம். நான் உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். உடல்நலம் எப்படி? எனக்கு உடம்பில் குறையில்லை, மனசில்தான் குறை. அந்தக் குறையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்றது வீட்டில் உட்கார்ந்து டீயில் பிஸ்கட்டைத் தொட்டுத் தின்னத்தான். இப்போது வீட்டில் பிஸ்கட் இல்லை. ரொட்டி இல்லை, கேக் இல்லை. அந்த விருந்துக்கு நீங்கள் வந்து படுத்தீர்களே, அந்த வாரமே உங்கள் தங்கை எல்லாவற்றையும் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். "அண்ணன் எப்படித்தான் இருக்காருன்னு நானும் இருந்து பாக்கறேன்" என்றாள். சரி, கோபம், ஒரு வாரம் என்று நினைத்தேன். இன்றுவரை நிற்கிறது. போன மாதம் வெளியூர் போனோம். ஓட்டலுக்கு முன்னாலேயே தனியாகப் போய்ச் சமையல்காரரிடம் பேசிவிட்டு வந்திருக்கிறாள். சாப்பிடும்போது கைப்பையிலிருந்து சொந்தக் கரண்டி வேறு எடுக்கிறாள்! "யாரும்மா இது, எங்க மச்சானா?" என்றேன். முறைத்தாள்.

இன்னொன்று. சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. ஏப்ரலில் பள்ளிப் படியில் தடுமாறிக் கையை ஊன்றினாள். லேசாக விழுந்ததுதான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. இந்த அளவு விழுந்ததற்கு முறியக் கூடாது, எலும்பு வயசுக்கு மீறி மெலிந்திருக்கிறது என்றார் டாக்டர். இப்போது தேறிவருகிறாள்.

சோதனையில்தான் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டதே. நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் என் பிஸ்கட் திரும்பி வரும். அவள் உங்கள் பேச்சைத்தான் கேட்பாள்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை


மே 22

பாப்பாவுக்கு,

உன் வீட்டுக்காரர் எழுதினார். அவரைத் திட்டாதே. என்ன எழுதுகிறோம் என்று தெரியாமலே அவர் எழுதியதில் இதுவரை யாரும் எனக்குச் சொல்லாதது இருந்தது.

நூலகப் பெண் என்று யாரும் இல்லை. அதைப் பிறகு பேசுவோம். கையைப் பற்றியும் பிறகு.

இப்போது ஒரே கேள்வி. நீ ரத்தம் கொடுக்கப் போனபோது கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தாயா, அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டிருந்தாயா?

ஏன் கேட்கிறேன் என்றால், என் தொழிலில் ஒன்று உண்டு. ஒரு கொதிகலன் கசிகிறது என்று கூப்பிடுவார்கள். நான் போவதற்குள், பயந்துபோய் அடுப்பை அணைத்து ஆறவிட்டிருப்பார்கள். ஆறிய கொதிகலனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் ஒரு சொட்டுக் கசியாது. "பாருங்க, நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். மறுபடி தீ மூட்டி, ஆவி ஏற்றி, அழுத்தம் வந்த பிறகுதான் விரிசல் தெரியும். இந்தச் சோதனையும் அதே மாதிரிதான். கோதுமை உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் ரத்தத்தில் அடையாளம் இருக்கும். மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுப் போய்க் கொடுத்தால், நோய் இருந்தாலும் காகிதம் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லும்.

இதை உனக்கு முன்னாலேயே எழுதவில்லையே என்று சொல்லாதே. நீ தின்றுகொண்டிருக்கிறாய் என்றுதான் நான் நினைத்தேன். மறைத்தவள் நீ.

ஆம் அல்லது இல்லை. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அண்ணன்


ஜூன் 15

அண்ணனுக்கு,

இல்லை. அந்த வாரமே நிறுத்திவிட்டேன்.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை. இவ்வளவு நாள் தாமதித்ததும் அதனால்தான். நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

முதலில் கோபத்தில்தான் நிறுத்தினேன். எத்தனை சுலபம் என்று உங்களுக்குக் காட்ட. சுலபமாக இல்லை. ஆனால் மூன்றாவது வாரத்தில் வாய்ப்புண் ஆறியது. பிறகு வயிறு. பிறகு மாடிப்படி. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது அண்ணே. புரிந்ததும் பயம் வந்துவிட்டது. உங்களிடம் சொன்னால் "பார்த்தாயா" என்பீர்கள். சொல்லாமல் இருந்தால் ஒன்றுமே இல்லை என்று இருக்கலாம்.

ரத்தம் எடுக்கும்போது டாக்டர் கேட்டார். "வழக்கமா சாப்பிடுறதத்தானே சாப்பிடுறீங்க?" என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். "ஆமாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அந்த விருந்தில் உங்களிடம் ஏன் சொன்னேனோ, அதேதான். ஒருத்தர் முன்னால் நின்று கேட்டால் அவருக்குப் பிடித்த பதில் என் வாயில் தானாக வந்துவிடுகிறது.

அடுத்து நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். மறுபடி தின்னு, மறுபடி ரத்தம் கொடு என்பீர்கள். நான் மாட்டேன். இப்போதுதான் மனுஷியாக இருக்கிறேன். ஒரு நாள் தெரியாமல் ஏதோ சாப்பிட்டுப் பள்ளியிலேயே சுருண்டு படுத்தேன். அதைத் தினமும் நானே எடுத்து வாயில் போடவா? பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது? இப்படியே சாப்பிடாமல் இருந்துவிட்டுப் போகிறேனே.

என்னால் முடியாது அண்ணே.

பாப்பா


ஜூன் 19

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ உண்மையை எழுதியிருக்கிறாய். அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த விருந்தில் நடந்தது பற்றி என் கருத்து மாறவில்லை என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பெயர் தெரிந்து என்ன ஆகும் என்று கேட்டாய். சொல்கிறேன். பெயர் இல்லாமல் நீ ஒரு வருஷம் இருப்பாய், இரண்டு வருஷம் இருப்பாய். பிறகு ஒரு மேஜையில், யாரோ ஒருவர் முகத்துக்காக, ஒரு வாய் சாப்பிடுவாய். ஒன்றும் ஆகவில்லை போலிருக்கும். அடுத்த வாரம் இன்னொரு வாய். காகிதத்தில்தான் ஒன்றும் இல்லையே என்று சொல்லிக்கொள்வாய். உள்ளே எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். மணிக்கட்டு முறிந்தாயிற்று, அடுத்து இடுப்பு. எலும்புக்குப் பார்க்கிற டாக்டர் எலும்பைப் பார்ப்பார், ரத்தத்துக்குப் பார்க்கிறவர் ரத்தத்தைப் பார்ப்பார், இரண்டும் ஒன்று என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அக்காவுக்கு அப்படித்தான் ஆனது. இன்னொன்று, உனக்கு இருந்தால் உன் மகளுக்கும் பார்க்க வேண்டும். உனக்கு இல்லை என்று பொய்க் காகிதம் இருக்கும்வரை அவளை யாரும் பார்க்க மாட்டார்கள்.

என்னைப் படுக்கவைத்ததை நீ சாப்பிட வேண்டும் என்று நானே எழுதுகிறேன். எனக்குக் கை ஓடவில்லை. இரண்டு நாளாக இந்தக் காகிதம் மேஜையில் கிடந்தது. இருந்தாலும் எழுதுகிறேன். யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று கீழே இருக்கிறது. இதில் பேரம் இல்லை.

டாக்டர்: நடந்ததை முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுத்தியது எப்போது, என்ன தேறியது, கை எப்படி முறிந்தது, அண்ணனுக்கு என்ன. பிறகு நீ எவ்வளவு கோதுமை, எத்தனை வாரம் சாப்பிட வேண்டும் என்று அவர்தான் சொல்ல வேண்டும். தினம் இரண்டு துண்டு ரொட்டி, சில வாரம் என்பார்கள் என்று படித்திருக்கிறேன். ஆனால் நான் சொல்வது கணக்கில்லை, அவர் சொல்வதுதான் கணக்கு. முடியவே முடியாது என்று நீ சுருண்டால் நிறுத்தலாமா, வேறு வழி உண்டா என்பதையும் அவரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாப்பிள்ளை: டாக்டர் அறைக்குள் உன்னுடன் வரக்கூடாது. வெளியே உட்காரட்டும். ரொட்டி வாங்கிவருவது அவர் வேலை. நீ தின்னும் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு அவரும் பிஸ்கட் தின்னலாம், அந்தச் சில வாரம் மட்டும். பள்ளிக்கு உன்னைக் கொண்டுவிட்டுக் கூட்டிவருவதும் அவரே. ஓய்வு பெற்றவருக்கு வேறு வேலை இல்லை.

பள்ளித் தலைமையாசிரியை: குடுவைத் தட்டை வேறு யாரையாவது தூக்கச் சொல்ல வேண்டும். நீ கேட்க மாட்டாய். ஆகவே நான் அவருக்குத் தனியாகக் கடிதம் எழுதிவிட்டேன், தபாலில் போட்டாயிற்று, தடுக்க முடியாது.

உன் மகள்: உன் முடிவு வரும்வரை, இப்போது சாப்பிடுவது எதையும் அவள் நிறுத்தக் கூடாது. முடிவு வந்த மறுநாள் அவளும் போக வேண்டும். இதை நீ சொல்லாதே, மழுப்பிவிடுவாய். நான் போனில் சொல்லிவிட்டேன். ஆமாம், போனில்தான். "மாமா, நீங்களா!" என்று கத்தினாள்.

நீ: டாக்டர் "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், அவருக்குப் பிடிக்காவிட்டாலும். பின்னால் நிற்கிறவர்கள் நிற்கட்டும். ரொட்டியைத் தின்ன வேண்டும். அழுதுகொண்டு தின்றாலும் சரி. வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும்.

நான்: வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். வழியில் எதையும் வாயில் வைக்க மாட்டேன், அதனால் பசியோடுதான் வந்து இறங்குவேன். சோதனை முடியும்வரை அங்கேயே இருப்பேன். உன் வீட்டில் தினமும் ரொட்டி இருக்கும், மேஜையிலும் கத்தியிலும் துணியிலும் அதன் தூள் இருக்கும் என்று தெரிந்துதான் வருகிறேன். எனக்கு ஒரு பாத்திரம், ஒரு கரண்டி, அலமாரியில் ஒரு அடுக்கு தனியாக ஒதுக்க வேண்டும். அதில் மாப்பிள்ளை கை வைக்கக் கூடாது. எனக்குச் சமைக்க வேண்டியது நீ. வேறு யாரும் இல்லை.

அண்ணன்